பன்னிரண்டு கோட்டில் எட்டு

கண்ணாடி என்று ஒரு சொல் இருக்கிறது. முகம் பார்ப்பதும் கண்ணாடிதான், மூக்கில் மாட்டுவதும் கண்ணாடிதான், காரின் பின்பக்கம் பதித்திருப்பதும் கண்ணாடிதான். ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்த புண்ணியவான்கள், இதனால் ஒரு குடும்பத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அதன் பலனைச் சர்வேயர் அனுபவித்தார்.

சர்வேயர் என்றுதான் அவரைத் தெருவே கூப்பிடும். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நாற்பத்தெட்டு வயது, நிலம் அளக்கிற உத்தியோகம், கூடவே கொஞ்சம் கர்வம். கர்வம் எல்லாம் கண்ணைப் பற்றித்தான். அவரிடம் வேலை பார்க்கிற இளவட்டங்கள் எல்லாரும் சோடாபுட்டி மாட்டிக்கொண்டு அலைய, இவர் மட்டும் வெறுங்கண்ணோடு வயலின் அந்தக் கோடியில் நட்ட முளைக்குச்சி அரை விரல் சாய்ந்திருக்கிறது என்பார். போய்ப் பார்த்தால் சாய்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் வியாழக்கிழமை மாலை, நல்ல மழையில், மச்சான் வீட்டிலிருந்து கிளம்பும்போது காரைப் பின்னால் எடுத்து, மச்சான் புதிதாகக் கட்டியிருந்த கேட் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தூணில் ஒரு டைல்ஸ் உதிர்ந்தது. காரின் பம்பர் கன்னம் வீங்கிய மாதிரி ஆனது. மனைவி, மகள், மச்சான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்கண்ணாடி முழுக்க மூட்டம் போட்டிருந்தது, ஒன்றுமே தெரியவில்லை என்று சர்வேயர் சொன்னார். அது உண்மை. பின்கண்ணாடியில் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடுமே, ஸ்விட்சைப் போட்டால் சூடாகி மூட்டத்தைக் கலைக்குமே, அந்த டிஃபாகர் மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்தே வேலை செய்யவில்லை. ஆனால் தூணில் இடித்தவன் சொல்லுகிற உண்மைக்கு என்ன மரியாதை?

"தூண் ஆறடி உயரம், மாப்பிள்ளை" என்று மச்சான் வருத்தமாகச் சொன்னார். அந்த வருத்தம்தான் சர்வேயருக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "கண்ணாடி போடுற வரைக்கும் நீங்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஞாயித்துக்கிழமை அண்ணனே ஓட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயமே. மகளுக்கு மலையில் இருக்கிற ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நாலு மணி நேரப் பயணம். அன்று அவளை விடுதியில் கொண்டுபோய் விடவேண்டும். இடம் கிடைத்த நாளிலிருந்து சர்வேயர் மனசுக்குள் அந்தச் சாலையை ஓட்டிக்கொண்டே இருந்தார். எந்த வளைவில் நிறுத்தி அவளுக்குப் பள்ளத்தாக்கைக் காட்டுவது என்பது வரை முடிவாகிவிட்டது. மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தையாக அவளைக் கொண்டுவந்ததும் அவர்தான், இருபது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட. இப்போது அவளை வீட்டைவிட்டு அனுப்புகிற வண்டியை மச்சான் ஓட்டுவதா? அவர் பின்சீட்டில் வாளிக்கும் தலையணைக்கும் நடுவே உட்கார்ந்து போவதா?

மனைவி சொன்ன கண்ணாடி எது என்று அவருக்குத் தெரியாமலில்லை. அது மூக்குக் கண்ணாடி. ஆனால் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லையே. அதைப் பிடித்துக்கொண்டார் மனிதர்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடவேண்டும். மூன்று வருஷமாகச் சர்வேயருக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியவில்லை. தூரத்துக் குச்சி தெரியும், கையிலிருக்கும் மாத்திரை அட்டை தெரியாது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊரும். அதை அவர் வெகு சாமர்த்தியமாகச் சமாளித்து வந்தார். மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது கண்ணில் பட்டதையெல்லாம் நீட்டி, "எங்க, படி பார்ப்போம்" என்பார். சோப்பு உறை, பஸ் போர்டு, எதுவானாலும். அவள் பதினைந்து வயதில் அந்தப் பழைய பரீட்சையை மறுபடி தொடங்கினார். போனில் வந்த செய்தி, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நீட்டி, "எங்க, படி பார்ப்போம்." அவளும் படித்துவிடுவாள். மகள் படிப்பில் அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று மனைவி ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

சனிக்கிழமை காலை. மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் அரைநாள் வேலை. பெரிய தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் பதினோரு மணிக்கு நேரம் வாங்கி வைத்துவிட்டு, "மறக்காமப் போய் கண்ணாடியைப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிப் போனாள். சர்வேயர் தலையாட்டினார். அவள் தலை மறைந்ததும் காரை எடுத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த மீட்டர் அக்காவின் ஷெட்டுக்கு ஊர்ந்து போனார். கண்ணாடியைப் பார்க்கத்தானே சொன்னாள்.

மீட்டர் அக்கா வண்டி எலக்ட்ரீஷியன். கழுத்தில் ஒரு கயிற்றில் மூக்குக் கண்ணாடியும் இன்னொரு கயிற்றில் மின்சாரம் அளக்கும் மீட்டரும் எப்போதும் தொங்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரில் இருப்பவர் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

"பின்கண்ணாடியை மாத்தணும், அக்கா. டிஃபாகர் போச்சு."

"மாத்தணும்னு யார் சொன்னது? முதல்ல பார்ப்போம்."

ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது. பிறகு சர்வேயரைப் பின்சீட்டில் ஏற்றி, கண்ணாடிமேல் வாயைத் திறந்து ஊதச் சொன்னார். உயர் அதிகாரிகளுக்கு வரைபடம் விளக்கிய மனிதர், முட்டிபோட்டு உட்கார்ந்து இடமிருந்து வலம் "ஹா, ஹா" என்று ஊதினார். கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மேலே இரண்டு கோடும் கீழே இரண்டு கோடும் மட்டும் மூட்டத்தைக் கலைத்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. நடுவில் இருந்த எட்டும் அசையவில்லை.

"பன்னிரண்டுல எட்டு செத்துக் கிடக்கு" என்றார் அக்கா.

மீட்டரின் முனை கண்ணாடியைக் கீறிவிடாமலிருக்க அதில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு, செத்த கோடு ஒவ்வொன்றின் மேலும் ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் வரை மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டும். ஓர் இடம் தாண்டியதும் பொத்தென்று பூஜ்யம். அந்த இடத்தில்தான் கோடு வெட்டுப்பட்டிருக்கிறது. சர்வேயருக்கு இந்த வேலை மிகவும் பிடித்துப்போனது, கிட்டத்தட்ட நிலம் அளக்கிற மாதிரியே இருந்தது. எட்டு இடத்திலும் அக்கா சின்னச் சின்ன டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைத்தார். ஒட்டி முடித்துவிட்டு எட்டையும் சேர்த்துப் பார்த்தார். ஒன்றின்கீழ் ஒன்றாக, உள்ளங்கை அகலத்துக்குள் எல்லாம் அடங்கியிருந்தன.

"இங்க உள்பக்கமா ஸ்டிக்கர் ஏதாவது இருந்துதா?"

இருந்தது. மச்சான் காலை நடையாளர் சங்கத்தின் தலைவர். தான் நடப்பதோடு விடாமல் சங்கத்தார், உறவுக்காரர் கார்களில் எல்லாம் 'நடந்தால் நலம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். மழையில் நனையக்கூடாது என்று உள்பக்கமாக ஒட்டுவார். சர்வேயர் காரில் போகும்போதெல்லாம் 'நடந்தால் நலம்' என்று காரே அவரைக் கேலி செய்வதை எவ்வளவு நாள் பொறுப்பார்? வெயில் காலத்தில் ஒருநாள், வீட்டில் யாருமில்லாத நேரமாகப் பார்த்துச் சவர பிளேடு எடுத்துச் சுரண்டித் தள்ளினார். கண்ணாடி பளபளவென்று ஆனதைப் பார்த்துத் தன் கைத்திறனைத் தானே மெச்சிக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது. அங்கே கோடு என்று ஒன்று ஓடியதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எவனோ படுபாவி பிளேடு போட்டுச் சுரண்டியிருக்கான்" என்றார் அக்கா. "கண்ணு இருக்கறவன் செய்யற வேலையா இது?"

"யாரா இருக்கும்னே தெரியல" என்றார் சர்வேயர்.

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன் வந்தது, சர்வேயர் தப்பித்தேன் பிழைத்தேன் என்று எடுத்தார்.

கண்ணாடி பார்த்தாயிற்றா, என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டாள்.

"பார்த்தாச்சு. பன்னிரண்டு கோட்டுல எட்டு போச்சாம்."

"எட்டா?"

"ஆமா. நடுவுல பூராப் போயிடுச்சு. மேல ரெண்டு, கீழ ரெண்டுதான் மிச்சம்."

"யாருங்க பார்த்தா?"

"ஒரு அக்கா. இதுல ரொம்பக் கெட்டிக்காரங்க. கரெண்ட் விட்டு ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க."

"கரெண்டா?" அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மாத்தணும்னு சொல்லிட்டாங்களா?"

"மாத்த வேணாமாம். வெட்டுப்பட்ட இடத்துல பெயிண்ட் வெச்சாலே போதுமாம். நானே வீட்டுல அடிச்சுக்கறேன்னு சொல்லிட்டேன்."

அங்கே தலைமையாசிரியை வந்துவிட்டாற்போல் போன் பட்டென்று வைக்கப்பட்டது. மனைவி ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று சர்வேயர் நிம்மதியானார். அவள் எதைப் புரிந்துகொண்டாள் என்பது சாயங்காலம் வரை அவருக்குத் தெரியாது.

அக்காவுக்கு அன்று கையில் ஏகப்பட்ட வேலை. எட்டு வெட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பூச்சு, நடுவில் காய விடவேண்டும், திங்கள்கிழமை வாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமையே வேண்டும் என்று சர்வேயர் கெஞ்சினார். அக்கா வெள்ளி கலந்த பெயிண்ட் அடைத்த ஒரு சின்னப் புட்டியையும் பூனை மீசை மாதிரி ஒரு பிரஷையும் கொடுத்தார். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் டேப் ஒட்டிக்கொண்டு நடுவில் மட்டும் தடவவேண்டும், நாளைக் காலை வரை ஸ்விட்சைத் தொடக்கூடாது.

"கோடு போடறதுதான் அக்கா நம்ம தொழிலே" என்றார் சர்வேயர்.

"அப்படியா? இந்த வெட்டு எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க."

தொட்டார். அது வெட்டு இல்லை, ஈ உட்கார்ந்த அடையாளம். கண்ணு தெரிகிற ஆள் யாராவது வீட்டில் இருந்தால் அவரை அடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வீட்டில் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சர்வேயர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "கொஞ்சம் வாயேன். எங்க, ஒரு கோடு போடு பார்ப்போம்."

அவள் வந்து புட்டியைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி முட்டி போட்டாள். சர்வேயர் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அந்தத் தூரத்தில் அவருக்கு ஓரளவு தெரிந்தது. நேரா, நேரா என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டாகத் தடவினாள். வகிடு எடுத்த மாதிரி இருந்தது வேலை. இந்தக் கை இப்படி நிதானமாக எப்போது பழகியது என்று அவர் யோசித்தார். போன வருஷம் வரை இதே கைதான் பால் தம்ளரை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, எல்லா வெட்டும் ஒரே பக்கமாச் சாய்ஞ்சிருக்கு."

சர்வேயர் முன்னால் திரும்பி வைப்பரைக் கவனமாகப் பார்த்தார். அவளும் அதற்குமேல் அதைப் பேசவில்லை. இரண்டாவது பூச்சு காய்வதற்குக் காத்திருக்கும்போதுதான், பிரஷைத் துடைத்தபடி சாதாரணமாகக் கேட்டாள்.

"நான் போனப்புறம் உங்களுக்கு யாருப்பா படிச்சுக் காட்டுவாங்க?"

அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். மாத்திரை அட்டையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் படின்னு சொன்னீங்க."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கண்ணாடி போட்டுக்குவீங்க. அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டீங்களே." அவள் மூன்றாவது பூச்சுக்குத் தயாரானாள். "நீங்க கூப்பிடறது எனக்குப் பிடிச்சிருந்துது."

இவ்வளவு நாளும் தான் கண்ணாடி போடாததற்குக் கர்வம் ஒன்றுதான் காரணம் என்று சர்வேயர் நினைத்திருந்தார். அது இல்லை. படித்துக்காட்ட ஒருத்தி வீட்டில் இருக்கும்போது கண்ணாடி எதற்கு? கண்ணாடி போட்டுக்கொண்டால் அவள் போகிறாள் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. "நேராப் போடு" என்று மட்டும் சொன்னார். அவள் நேராகத்தான் போட்டாள். கடைசியில் கீழ் மூலையில் என்னவோ கொஞ்ச நேரம் குனிந்து செய்தாள், சிந்தியதைத் துடைக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

சாயங்காலம் மச்சான் வந்தார். கையில் இரண்டு கிலோ காரட். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். சர்வேயரின் கையைப் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்தார். பின்னாலேயே மனைவி சிவந்த கண்ணோடு நின்றாள்.

"கவலையே படாதீங்க, மாப்பிள்ளை. இனிமே எங்க போகணும்னாலும் நான் இருக்கேன்."

தூணை இடித்ததற்குக்கூடக் கோபப்படாத மனிதர் இப்போது மன்னிப்புக் கேட்கவே வந்துவிட்டார், ஸ்டிக்கர் விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது என்று சர்வேயர் எண்ணினார். பெரிய மனசோடு, "போகட்டும் மச்சான். உங்க ஸ்டிக்கராலதான் இவ்வளவும். தெரியாம ஒட்டிட்டீங்க" என்றார்.

மச்சான் திகைத்தார். ஸ்டிக்கரைப் பார்த்தால் கண் போகுமா என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் எட்டு நரம்பு போய்விட்டது என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார். அவள் தன் கணவரிடம் விசும்பிக்கொண்டே, கண்ணுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறவளெல்லாம் டாக்டரா, வேறு பெரிய இடத்தில் காட்டலாம் என்றாள். யார் கண்ணுக்கு என்றார் சர்வேயர். உங்கள் கண்ணுக்கு என்றாள் அவள். மகள்தான் இடையில் புகுந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காரின் பின்கண்ணாடியைக் காட்டினாள்.

மனைவி முதலில் சிரித்தாள், கூடவே அழுதாள். பிறகு மத்தியானம் முழுக்க அழுததற்கும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். கடைசியில் ஆறினாள். தூணில் இடித்த அன்று கண்ணாடியில் நிஜமாகவே கோளாறு இருந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டாள். காலையில் பன்னிரண்டு கோடும் வேலை செய்தால் நீங்களே ஓட்டுங்கள் என்றாள். சர்வேயருக்கு அந்தக் காரட்டையே கடித்துத் தின்னலாம் போலிருந்தது.

மச்சான் மட்டும் இடிந்துபோயிருந்தார். தன் ஸ்டிக்கர் ஒரு காரைக் கெடுத்துவிட்டது என்றால் மற்ற கார்களின் கதி என்ன? சங்கத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு கார். நாளைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தூறல். மச்சானும் வழியனுப்ப வந்துவிட்டார். நாலு பேரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்கம் திரும்பி ஊதினார்கள். கண்ணாடி மூடிக்கொண்டது. மனைவி முன்சீட்டில் சாவியைத் திருகினாள், சர்வேயர் ஸ்விட்சைப் போட்டார். முதலில் மேலே இரண்டு கோடு தெரிந்தது, கீழே இரண்டு. பிறகு நடுவில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, அப்படியே மளமளவென்று எட்டும் தெளிந்து தெரு முழுக்க உள்ளே வந்தது. மகள் பன்னிரண்டையும் வாய்விட்டு எண்ணினாள். மனைவி சாவியை உருவி அவர் கையில் வைத்தாள்.

மச்சானும் மனப்பூர்வமாகப் பாராட்டினார். பாராட்டிவிட்டு மணியைப் பார்த்தார். "அங்க பூங்காவுல எல்லாரும் ரெடியா நிப்பாங்க. நாற்பத்திரண்டு காரையும் வரிசையா நிறுத்தச் சொல்லியிருக்கேன். ஆளுக்கொரு பிளேடு. பத்து நிமிஷத்துல சுரண்டி எடுத்துடுவோம்."

சர்வேயரின் கையில் சாவி இருந்தது. வாயைத் திறக்காமல் கிளம்பினால் நாலு மணி நேரமும் அவருடையது, வளைவும் பள்ளத்தாக்கும் அவருடையது. அவர் மனக்கண்ணில் நாற்பத்திரண்டு பின்கண்ணாடிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு தூண்கள்.

"மச்சான், பிளேடு வேணாம்."

"ஏன்?"

"கோட்டை வெட்டினது ஸ்டிக்கர் இல்ல. பிளேடு." அவர் தூறலைப் பார்த்தபடி சொன்னார். "நான்தான் சுரண்டினேன். கோடு இருக்கறது எனக்குத் தெரியல."

"தெரியலன்னா?" என்றாள் மனைவி.

"கண்ணுக்குத் தெரியல."

மனைவி கையை நீட்டினாள். அவர் சாவியை அதில் வைத்தார். கண்ணாடியில் கோளாறு என்று நிரூபிக்க அவர் பட்ட பாடெல்லாம் கடைசியில் கண்ணில் கோளாறு என்று நிரூபித்துவிட்டது.

மச்சானுக்கோ அதற்கெல்லாம் நேரமில்லை. பூங்காவில் பிளேடு தூக்கியவர்களை நிறுத்தவேண்டும். போனை எடுத்தார், கையை முழுசாக நீட்டிப் பிடித்தார், தலையைப் பின்னுக்கு இழுத்தார். செயலாளருக்குப் போட்டது சலூனுக்குப் போனது. மறுபடி போட்டார், யாரோ தூக்கத்தில் திட்டினார்கள். "செயலாளர் நம்பரை எடுத்துக் குடும்மா" என்று மருமகளிடம் நீட்டினார்.

"மாமா, நீங்களுமா?" என்றாள் அவள்.

அவள் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். 'பிளேடைக் கீழே போடுங்கள்' என்று மச்சான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. ஒரே ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டாராம், அவருக்கு மூன்று கோடு காலி. மீட்டர் அக்காவுக்குத் திங்கள்கிழமை அலைச்சல் நிச்சயம்.

"அம்மா, அப்பாவுக்குக் கிட்டத்துலதான் தெரியாது. தூரம் நல்லாத் தெரியும்" என்றாள் மகள். "வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

தெருக்கோடியில், பால் வண்டிக்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. அதன் நம்பரை மனைவி கேட்டாள். சர்வேயர் சொன்னார். நம்பரோடு நிற்காமல், பின் டயரில் காற்று குறைவு என்றும் சொன்னார். மகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றாள். மச்சானுக்கு வேனே தெரியவில்லை, பால் வண்டிதான் தெரிந்தது.

மனைவி அண்ணனைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்குப் பதினோரு மணி. நானே கூட வருவேன்."

மலைப்பாதையில் அவர்தான் ஓட்டினார். நினைத்த வளைவில் நிறுத்தினார். மழையில் பள்ளத்தாக்கு மருந்துக்குக்கூடத் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. ஆனாலும் மூன்று பேரும் இறங்கி நின்று அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

விடுதியில் பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள், பொடி எழுத்தில் இருபது விதிகள். சர்வேயர் பழக்கதோஷத்தில் அதை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினாள். மருந்துக்கடையில் ரெடிமேடாக விற்கிற மூக்குக் கண்ணாடி.

"எங்க, படிங்க பார்ப்போம்" என்றாள்.

அவர் மாட்டிக்கொண்டார். எறும்பெல்லாம் எழுத்தாகி வரிசையில் நின்றன. இருபது விதியையும் விடாமல் உரக்கப் படித்தார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். மாதத்தில் முதல் ஞாயிறு பெற்றோர் வரலாம் என்கிற விதியை மட்டும் இரண்டு தடவை படித்தார். அவள் "சரிதான்" என்றாள், அவள் ஒன்றாம் வகுப்பில் படிக்கையில் அவர் சொன்ன மாதிரியே.

கிளம்பும்போது தூறல் வலுத்தது. சர்வேயர் புதுக் கண்ணாடியோடு பின்சீட்டில் தலையை நுழைத்து, பூசிய எட்டு இடங்களையும் முதல் முறையாகக் கிட்டத்தில் பார்த்தார். ஆறு நேர், இரண்டு கொஞ்சம் கோணல். கீழ் மூலையில், கோடுகளுக்கு எட்டாத இடத்தில், வெள்ளிப் பெயிண்டில் கடுகு கடுகாக எழுதியிருந்தது: 'அப்பா, பிளேடு வேணாம்.' ஆக, அவளுக்குச் சனிக்கிழமையே தெரியும். அவர் என்றைக்காவது கண்ணாடி மாட்டிக்கொண்டு இதைப் படிப்பார் என்பதும் தெரியும்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஸ்விட்சைப் போட்டார். பின்னால் மூட்டமாக இருந்த கண்ணாடி ஒவ்வொரு கோடாகத் தெளிந்தது. முதலில் அவள் செருப்பு தெரிந்தது, பிறகு வாளி, பிறகு ஆட்டுகிற கை, கடைசியில் முகம். வண்டியை மெதுவாக, இருபது கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தார். கேட்டைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் அவள் தெரிந்துகொண்டே இருந்தாள்.

"என்னங்க, கண்ணுல தண்ணி?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

"ஒண்ணுமில்ல. கண்ணாடிதான்."

"எந்தக் கண்ணாடி?" என்று கேட்டாள் அவள், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.